வீடு விற்பவர் கடனும் கொடுப்பதென்றால்

(வானொலியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வீடு வாங்கி விற்பதைப் பற்றிக் கதைக்கும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டபோது, அதில் எதைக் கதைப்பது என்பதை நீங்களே தீர்மானித்துவிட்டீர்கள். எனக்கு வருகின்ற தொலைபேசி அழைப்புகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, இளம் ஆட்களிடமிருந்து. "அக்கா, சந்தைக்கு வராத வீடுகளை எப்பிடிக் கண்டுபிடிக்கிறியள்? பாங்க் இல்லை எண்டு சொன்ன ஆளுக்கும் நீங்கள் வீடு வித்திருக்கிறியளாமே, அது எப்பிடி?" என்று கேட்பார்கள். மற்ற வகை, ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் முப்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கின்ற பெரியவர்களிடமிருந்து. "பிள்ளை, கிழமைக்கு ஒரு கடிதம் வருது, எங்கட வீட்டை வாங்கப் போறமெண்டு. ஒருத்தர் சொல்றார், காசு முழுக்க உடன வேண்டாமெண்டால் கூட விலை தாறனெண்டு. நம்பலாமோ?"

யோசித்துப் பார்த்தால், முதல் வகை ஆட்கள் தேடித்திரிகின்ற வீடு இரண்டாம் வகை ஆட்களின் வீடுதான். ஆகையால் இன்று இரு பகுதியாரும் கேட்கும்படியாகக் கதைக்கப் போகிறேன். ஒரு பகுதிக்குச் சொல்வது மற்றப் பகுதியின் காதிலும் விழட்டும்.

நான் வீட்டு முகவர் அல்ல. சட்டத்தரணியும் அல்ல. சொந்தக் காசில் பழைய வீடுகளை வாங்கித் திருத்தி, சிலவற்றை வாடகைக்கு விட்டு, சிலவற்றை விற்கின்றவள். ஒன்ராறியோ மாகாணத்தில் நடப்பதைத்தான் சொல்கிறேன். மொன்றியலிலோ வன்கூவரிலோ இருந்து கேட்பவர்களுக்குச் சட்டம் வேறு.

முதலில் வீடு தேடுகிற கதை. விற்கக்கூடிய வீடு ஒன்று எங்கே இருக்கிறது, உரிமையாளர் யார், அவருக்கு ஏன் விற்கவேண்டியிருக்கிறது என்ற தகவலை இந்தத் தொழிலில் 'லீட்' என்பார்கள். எம்.எல்.எஸ். பட்டியலில் ஏறிய வீட்டை ஊர் முழுவதும் பார்க்கும். அங்கே ஏலம் போட்டுத்தான் வாங்கவேண்டும். அதற்கு முன்னரே தெரிந்துகொள்வதுதான் லீட்.

காரை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாய்ப் போவது இன்றைக்கும் நல்ல வழி. கோடையில் புல் முழங்கால் உயரம் வளர்ந்த வீடு, மாரியில் பனி வழிக்கப்படாத வாசல், கடிதப் பெட்டியில் நிரம்பி வழிகின்ற விளம்பரத் தாள்கள், கூரையில் சுருண்டுபோன ஓடுகள். இப்படி ஒன்றைக் கண்டால் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வருவேன். ஒன்ராறியோவின் காணிப் பதிவுகளை 'ஒன்லேண்ட்' என்ற இணையத்தளத்தில் சிறு கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம். வீடு யாருடைய பெயரில் இருக்கிறது, எந்த வங்கி எவ்வளவு கடனைப் பதிந்திருக்கிறது என்பதெல்லாம் தெரியும். ஊரில் காணிக் கந்தோருக்குப் போய் தோம்பு பார்க்கிற வேலையை இங்கே வீட்டிலிருந்தே செய்துவிடலாம்.

வாடகைக்காரரோடு மல்லுக்கட்டி அலுத்துப்போன வீட்டுக்காரர்கள் இன்னொரு வகை. வாடகை வராமல், நியாயசபையில் தவணைக்குக் காத்திருந்து, 'போதுமடா சாமி' என்று விற்க நினைப்பவர்கள். பட்டியலில் போட்டும் விலை போகாமல் தவணை முடிந்துபோன வீடுகள் வேறொரு வகை. மாநகரசபை வரி கட்டாமல் இரண்டு வருடத்துக்கு மேல் பாக்கி விட்டால் சபை அந்தக் காணியின் மேல் ஒரு சான்றிதழைப் பதியலாம். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் விற்பனைக்கு வரும். அந்த அறிவித்தல்கள் ஒன்ராறியோ கசெற்றில் வெளியாகும். இந்த வழியில் நான் வாங்கியதில்லை. உள்ளே போய்ப் பார்க்காமல் வீடு வாங்குவதற்கு என் மனம் இடம் கொடுப்பதில்லை. ஆனால் அந்த ஒரு வருட அவகாசத்துக்குள் உரிமையாளரைக் கண்டு கதைத்து, பாக்கியைக் கட்டும்படியாக ஒரு நல்ல விலைக்கு விற்க உதவினால் அவருக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். நமது வானொலிகளிலும் இணையத்தளங்களிலும் வருகின்ற மரண அறிவித்தல்களையும் சிலர் 'லீட்' என்று எண்ணி எடுக்கிறார்கள். எட்டுச் செலவு முடிவதற்குள் அந்த அம்மாவின் வீட்டுக்குத் தொலைபேசி போகிறது. "நாங்கள் உங்கட ஆக்கள்தான், அம்மா. இவ்வளவு பெரிய வீட்டைத் தனிய வைச்சு என்ன செய்யப் போறியள்?" என்று தொடங்குவார்கள். இதைச் சட்டம் தடுக்கிறதா என்று என்னிடம் ஒரு தம்பி கேட்டார். நான் கேட்டேன்: "உங்கட அம்மாவுக்கு வந்தால் என்ன சொல்லுவியள்?" அவர் அதற்குமேல் கேட்கவில்லை. நான் என் மட்டில் வைத்திருக்கின்ற கணக்கு இது: துக்க வீட்டை நான் தேடிப் போவதில்லை. ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து அவர்களே கேட்டு வந்தால் கதைப்பேன். அப்படி வந்தவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் என்னிடம் வந்த நல்ல வீடுகளில் பாதிக்கு மேல், முன்பு என்னோடு வாங்கி விற்ற யாரோ ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லி வந்தவைதான்.

பெரியவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. விற்பனை அழைப்புகள் வேண்டாம் என்று பதிந்துகொள்கிற தேசியப் பட்டியல் ஒன்று 2008 செப்ரெம்பர் 30 முதல் இருக்கிறது. பதிவது இலவசம். எல்லா அழைப்பும் நின்றுவிடாது, குறையும். அத்தோடு, உங்களிடம் வாங்க வருபவர் உரிமம் பெற்ற வீட்டு முகவராக இருந்து, தனக்காகவே வாங்குகிறார் என்றால், அதை அவர் உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்.

சரி, இப்போது கடன் விஷயம்.

விற்பவர் வீட்டின் விலை முழுவதையும் கையில் வாங்காமல், ஒரு பகுதியை வாங்குபவருக்கே கடனாக விட்டு, அந்தக் கடனுக்கு அந்த வீட்டையே ஈடாகப் பதிந்துகொள்வதை இங்கே 'வென்டர் ரேக்-பாக் மோட்கேஜ்' என்கிறார்கள். நான் விற்பவர் கடன் என்றே சொல்லப்போகிறேன். ஊரிலே ஈடும் ஒற்றியும் கண்டவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். ஒற்றி என்றால் காணி கடன் கொடுத்தவரின் கையில் போய்விடும், விளைச்சலே வட்டி. ஈடு என்றால் காணி உரியவரிடமே இருக்கும், அவர் வட்டி கட்டவேண்டும். விற்பவர் கடன் ஈட்டைச் சேர்ந்தது. வீட்டு உறுதி வாங்குபவரின் பெயருக்குப் போய்விடுகிறது. உங்களிடம் மிஞ்சுவது ஒரு பதிவும், அவர் மாதாமாதம் தருகின்ற காசும்தான்.

இது புதிதாக வந்த வித்தையும் அல்ல. 1981இல் இந்த நாட்டில் வீட்டுக்கடன் வட்டி 20 வீதத்தைத் தாண்டியபோது விற்பவர்கள் பலர் இப்படித்தான் விற்றார்கள். வங்கி கேட்ட வட்டிக்கு எவராலும் வாங்க முடியவில்லை. இப்போது மீண்டும் இது காதில் விழுவதற்குக் காரணம் உண்டு. 2018 ஜனவரியிலிருந்து வங்கிகள், முன்பணம் கூடப் போடுகிறவர்களையும் ஒரு சோதனைக்கு உட்படுத்துகின்றன. உண்மையான வட்டியைவிட 2 வீதம் கூடுதலாக இருந்தாலும் உங்களால் கட்ட முடியுமா என்று பார்ப்பார்கள். பின்பு, 2022 மார்ச் தொடக்கத்தில் கால் வீதமாக இருந்த கனடா மத்திய வங்கியின் வட்டி 2023 ஜூலையில் 5 வீதத்துக்கு ஏறியது. 2024 ஜூனிலிருந்துதான் இறங்கத் தொடங்கியது. இதற்கிடையில் ரொறன்ரோ பெரும்பாகத்தில் சராசரி வீட்டு விலை 2022 பெப்ரவரியில் 13 லட்சத்து 30 ஆயிரம் டொலருக்கு மேல் போய், பிறகு இறங்கிவிட்டது. விற்பவருக்குப் பழைய விலை மனதை விட்டுப் போகவில்லை, வாங்குபவருக்கு வங்கி கதவைத் திறக்கவில்லை. இந்த இடைவெளியில்தான் விற்பவர் கடன் நுழைகிறது.

நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன், கணக்கு விளங்கும். 2019 செப்ரெம்பரில் ஒஷாவாவில் ஒரு வீட்டை 480,000 டொலருக்கு விற்றேன். அந்த வீட்டில் எனக்கு வங்கிக் கடன் எதுவும் இருக்கவில்லை, இது முக்கியம். வாங்கியவர் விமான நிலையத்துக்கு லிமோ ஓடுகின்ற ஒருவர். உழைப்பு இருந்தது. ஆனால் கார்ச் செலவு, பெற்றோல், காப்புறுதி எல்லாம் கழித்து வரிப் பத்திரத்தில் காட்டிய வருமானம் மிகக் குறைவு, ஆகவே வங்கி மறுத்துவிட்டது. அவர் தன் சேமிப்பிலிருந்து 96,000 முன்பணம் போட்டார். அதாவது 20 வீதம். மிச்சம் 384,000 டொலரை நான் முதலாவது ஈடாகப் பதிந்துகொண்டு 6 வீத வட்டிக்கு, 25 வருடக் கணக்கில், 3 வருடத் தவணைக்குக் கொடுத்தேன். மாதக் கட்டணம் ஏறத்தாழ 2,457 டொலர்.

இந்த '25 வருடக் கணக்கு, 3 வருடத் தவணை' என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மூன்று வருடம் ஒரு நாளும் பிந்தாமல் கட்டினாலும், முடிவில் ஏறத்தாழ 362,000 டொலர் பாக்கி இருக்கும். அதை அன்றைக்கு ஒரே தரத்தில் கொடுத்துத் தீர்க்கவேண்டும், அதாவது ஒரு வங்கியிடம் போகவேண்டும். ஆகவே முதல் நாளே அவரிடம் சொன்னேன்: "தம்பி, இந்த மூண்டு வருசமும் வரியை ஒழுங்காய்க் காட்டுங்கோ. கூட வரி கட்ட வரும். அதைத்தான் வங்கி பார்க்கும்." அவருடைய மனைவி முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் நிரந்தர வேலைக்குச் சேர்ந்தார்.

2020 வசந்தத்தில் விமானங்கள் நின்றன. ஏப்ரல், மே இரண்டு மாதமும் காசு வரவில்லை. ஒன்ராறியோ சட்டப்படி, கட்டணம் தவறிப் 15 நாள் கழிந்தால் ஈடு வைத்திருப்பவர் விற்பனை அறிவித்தல் அனுப்பலாம். அனுப்பிய பிறகு குறைந்தது 35 நாள் மீட்பதற்கு அவகாசம். அதற்குள் பாக்கியையும் செலவையும் கட்டினால் வீடு தப்பும், இல்லாவிட்டால் விற்கலாம். இங்கே இதைப் 'பவர் ஒஃப் சேல்' என்பார்கள். நான் அனுப்பவில்லை. இரக்கம் ஒரு பக்கம் இருக்க, அந்த நேரத்தில் அந்த வீட்டை எடுத்து நான் யாருக்கு விற்பது? சட்டத்தரணி மூலம் ஒரு திருத்தம் எழுதினோம். தவறிய இரண்டு கட்டணத்தையும் பகுதி பகுதியாக 2021 முடிவதற்குள் கட்டித் தீர்ப்பது என்று. அவர் பொருட்கள் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்கு மாறினார், கட்டி முடித்தார். 2022 செப்ரெம்பரில் தவணை முடிந்தபோது வட்டி ஏறிக்கொண்டிருந்த நேரம். ஆனாலும் மனைவியின் சம்பளத்தையும் சேர்த்து ஒரு வங்கி அவர்களுக்குக் கடன் கொடுத்தது, என் கணக்கு தீர்ந்தது. அந்த வீடு அவர்களிடம் இன்றைக்கும் இருக்கிறது.

வாய் வார்த்தையில் 'பிறகு பாப்பம்' என்று விட்டிருந்தால் இருவருக்கும் இரண்டு ஞாபகம் இருந்திருக்கும். நமது ஆட்களுக்கு எழுதக் கேட்பது அவமரியாதை போலத் தோன்றுகிறது. சீட்டுப் பிடித்து அனுபவப்பட்டவர்களுக்குக்கூட.

இப்போது மற்றக் கதை. போன வருடம் மல்வேன் பக்கத்தில் இருக்கின்ற ஒரு வயதான தம்பதி ஒரு ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டு வந்தார்கள். வீட்டுக்கு அன்றைய பெறுமதி 850,000 வரும். ஒரு கொம்பனி 900,000 தருவதாக எழுதியிருந்தது. ஐயாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அம்மாவுக்குத்தான் ஏதோ உறுத்தியிருக்கிறது. "ஐம்பதாயிரம் கூடத் தாறதெண்டால், பிள்ளை, ஏன் தாறாங்கள்?" என்று கேட்டார்.

தாள்களைப் பிரித்துக் கணக்குப் போட்டோம். 900,000இல் 600,000 ஒரு தனியார் கடன்காரரிடமிருந்து வரும், அவருக்கு முதலாவது ஈடு. மிச்சம் 300,000 இவர்கள் விடுகின்ற கடன், இரண்டாவது ஈடு, வட்டி இல்லை, ஐந்து வருடத்துக்குப் பிறகு தரப்படும். இனி நீங்களே கூட்டிப் பாருங்கள். 600ம் 300ம் 900. வாங்குகிற கொம்பனி தன் பையிலிருந்து போடுவது எவ்வளவு? ஒரு சதமும் இல்லை.

அவர்கள் கட்டாமல் விட்டால் என்ன நடக்கும்? முதலாவது ஈட்டுக்காரர் வீட்டை எடுத்து விற்பார். அவசர விற்பனையில் 780,000 போகிறது என்று வையுங்கள். முகவர், சட்டத்தரணி செலவு 45,000. முதலாவது ஈட்டுக்காரரின் முதல், வட்டிப் பாக்கி, அபராதம் எல்லாம் சேர்த்து 640,000. மிஞ்சுவது 95,000. முந்நூறாயிரம் கொடுத்தவர்களுக்கு அதுதான். வீட்டு விலை இறங்காது என்று இருக்கின்றவர்களுக்குச் சொல்கிறேன்: ரொறன்ரோவில் 1989இல் 273,000 டொலராக இருந்த சராசரி விலை 1996இல் 198,000க்கு வந்தது. அந்த நேரம் இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

அந்த ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. வாங்குபவரின் பெயருக்குப் பக்கத்தில் 'அல்லது அவர் நியமிப்பவர்' என்று ஒன்று. அதாவது, இந்தக் கொம்பனி இந்தத் தாளை இன்னொருவருக்கு இலாபத்துக்கு விற்றுவிட்டுப் போகலாம். காசுக்கு விற்கும்போது யார் வாங்கினால் என்ன என்று விடலாம். கடன் கொடுக்கும்போது அப்படி முடியுமா? நீங்கள் முகம் பார்த்துக் கதைத்தவர் ஒருவர், ஐந்து வருடம் உங்கள் காசை வைத்திருக்கப் போகிறவர் வேறொருவர். மற்ற வரி, உங்கள் ஈட்டை எப்போது கேட்டாலும் பின்னுக்குத் தள்ளச் சம்மதிக்கிறேன் என்பது. இன்று 600,000 முன்னால் நிற்கிறது என்றால், நாளை அவர்கள் அதை மீளெழுதி 750,000 ஆக்கிவிட்டு உங்களிடம் கையெழுத்துக் கேட்கலாம். நீங்கள் மறுக்க முடியாது.

அவர்கள் கையெழுத்து வைக்கவில்லை. சில மாதம் கழித்து ஒரு முகவர் மூலம் 845,000க்கு முழுக் காசுக்கு விற்றார்கள்.

இதிலிருந்து விற்பவர் கடனே கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒஷாவாவில் நான் கொடுத்ததும் அதே கடன்தான். விற்பவர் கடன் கொடுக்கிற அந்த நிமிடத்திலிருந்து அவர்தான் வங்கி. வங்கி ஒருவருக்குக் கடன் கொடுக்க முன்னர் என்னென்ன கேட்குமோ அதையெல்லாம் நீங்களும் கேட்கவேண்டும். அவருடைய கடன் வரலாற்று அறிக்கை, இரண்டு வருட வரி மதிப்பீட்டுத் தாள், வேலைக் கடிதம், முன்பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வங்கிக் கணக்கு. கேட்டால் கோபிப்பார் என்று தயங்காதீர்கள். வங்கியிடம் அவர் கோபிப்பதில்லையே. என்னிடம் வாங்க வருபவர்களிடம் நான் கேட்கிறேன்; நான் வாங்கப் போகும்போது கேட்காமலே என் தாள்களை நான் கொடுக்கிறேன். முதலீட்டாளராக வர நினைக்கின்ற தம்பி, தங்கைகளுக்கு என் அனுபவத்தில் சொல்வது, பெரியவர்களின் நம்பிக்கையைப் பெற இதைவிடச் சுருக்கமான வழி நான் காணவில்லை.

முன்பணம் வாங்குபவரின் சொந்தக் காசாக 20 வீதமாவது இருக்கவேண்டும் என்பது நான் வைத்திருக்கின்ற எல்லை. முதலாவது ஈடு உங்களுக்குக் கிடைக்காவிட்டால், வங்கிக்குப் பின்னால் இரண்டாவதாக நிற்பதென்றால், உங்கள் கடன் சிறியதாகவும் தவணை குறுகியதாகவும் இருக்கட்டும். அவர் வீட்டை விற்றால் உங்கள் கடன் முழுவதும் அன்றே தீர்க்கப்படவேண்டும் என்று எழுதுங்கள். வீட்டுக் காப்புறுதியில் ஈடு வைத்திருப்பவராக உங்கள் பெயர் ஏறவேண்டும். வீடு எரிந்தால் காசு உங்களைத் தாண்டிப் போகக்கூடாது. மாநகரசபை வரி கட்டப்படுகிறதா என்று வருடா வருடம் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். அந்த வரிப் பாக்கி எல்லா ஈட்டுக்கும் முன்னால் போய் நிற்கும். வட்டியை வருடக் கணக்கிலா அரை வருடக் கணக்கிலா கணிக்கிறீர்கள் என்பது பத்திரத்தில் இருக்கவேண்டும். முதலும் வட்டியும் கலந்து கட்டுகிற கடனில் அது எழுதப்படாவிட்டால் வட்டியே கேட்க முடியாமல் போகலாம் என்பது கனடாவின் வட்டிச் சட்டம். கூடிய வட்டிக்கும் எல்லை உண்டு: 2025 ஜனவரி 1 முதல் வருடத்துக்கு 35 வீதத்துக்கு மேல் கேட்பது குற்றம். அந்த எல்லைக்குக் கிட்டப் போகிறவர்களிடம் எனக்கு வேலை இல்லை.

வங்கிக்குத் தெரியாமல் தனியாக ஒரு கடுதாசி எழுதிக்கொள்வோம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழும்புங்கள். வாங்குபவர் முன்பணம் தன்னுடையது என்று வங்கிக்குச் சொல்லி, உண்மையில் அது உங்கள் கடனாக இருந்தால், அது மோசடி. அதில் நீங்களும் கையெழுத்து வைத்தவர். விற்பவர் கடன் விற்பனை ஒப்பந்தத்திலேயே வரவேண்டும், வங்கியும் அதைப் பார்த்துச் சம்மதிக்கவேண்டும். இரு பகுதிக்கும் ஒரே சட்டத்தரணி வேண்டாம். 'எங்கட ஆள் இருக்கிறார், அவரே எல்லாம் செய்து தருவார்' என்பது நல்ல செய்தி அல்ல.

வயதானவர்களுக்கு இன்னொரு விஷயம், இதை எந்தக் கடிதத்திலும் எழுதமாட்டார்கள். நீங்கள் முதியோர் பென்சனோடு ஜீ.ஐ.எஸ். என்ற உதவித்தொகையும் எடுப்பவரானால், அது உங்கள் வருமானத்தைப் பார்த்துத் தருகின்ற காசு. விற்பவர் கடனில் உங்களுக்கு வருகின்ற வட்டி வருமானம்தான். ஒஷாவா வீட்டின் கணக்கில் முதல் வருட வட்டி மட்டும் 22,000 டொலருக்கு மேல் வரும். அப்படி வந்தால் ஜீ.ஐ.எஸ். வெகுவாகக் குறையும், சிலருக்கு முற்றாக நின்றும் போகும். மருந்துக்கும் மற்ற உதவிகளுக்கும் வருமானம் பார்க்கப்படுவதுண்டு. கையெழுத்து வைக்க முன்னர் கணக்காளர் ஒருவரிடம் இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: முழுக் காசையும் வாங்கினால் என்ன, வட்டிக்கு விட்டால் என்ன என்று.

வாடகைக்கு விட்டிருந்த வீட்டை விற்பவர்களுக்கு இதிலே ஒரு நன்மையும் உண்டு. மூலதன இலாபம் முழுவதற்கும் விற்ற வருடத்திலேயே வரி கட்டாமல், காசு வரவர, அதிகபட்சம் ஐந்து வருடத்துக்குப் பிரித்துக் காட்டலாம். வருடத்துக்கு ஐந்திலொரு பங்காவது சேர்த்துவரவேண்டும். என்னைப்போல வியாபாரமாக விற்கின்றவர்களுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. 2023இலிருந்து, வாங்கி ஒரு வருடத்துக்குள் விற்றால், மரணம், விவாகரத்து போன்ற சில காரணங்கள் இருந்தாலன்றி, இலாபம் முழுவதும் வியாபார வருமானமாகவே கணிக்கப்படும்.

கடன் கொடுத்தவர் தவணைக்குள் இறந்துபோனால்? இதைக் கேட்க எல்லோருக்கும் கூச்சம், ஆனால் எழுபத்தைந்து வயதில் ஐந்து வருடக் கடன் கொடுப்பவர் கேட்கத்தான் வேண்டும். அந்த ஈடு அவருடைய சொத்தில் ஒரு பகுதி, மரணசாதனப்படி பிள்ளைகளுக்குப் போகும். ஆகையால் பத்திரம் எங்கே இருக்கிறது, மாதக் காசு எந்தக் கணக்குக்கு வருகிறது என்பது பிள்ளைகளில் ஒருவருக்காவது தெரிந்திருக்கவேண்டும். அதுபோல, வீடு குடும்ப வீடாக இருந்தால் உறுதியில் பெயர் இல்லாவிட்டாலும் கணவன் அல்லது மனைவியின் சம்மதக் கையெழுத்து வேண்டும். மல்வேன் அம்மாவின் பெயர் அந்த உறுதியில் இருக்கவில்லை. அவருடைய கையெழுத்து இல்லாமல் அந்த வீடு விலைப்பட்டிருக்காது.

கடைசியாக, வீட்டை விற்கும் எண்ணம் இருக்கிறதோ இல்லையோ, பெரியவர்கள் உள்ள வீடுகளில் பிள்ளைகள் ஒருமுறை உங்கள் வீட்டின் காணிப் பதிவை எடுத்துப் பாருங்கள். கதவைத் தட்டி வந்து ஃபேர்னஸ், தண்ணீர்ச் சூடாக்கி என்று வாடகைக்குப் பூட்டியவர்கள், அந்த வீட்டின் மேல் பாதுகாப்பு அறிவித்தல் என்று ஒன்றைச் சத்தமில்லாமல் பதிந்திருந்தார்கள். 2024 ஜூன் 6இல் ஒன்ராறியோ அரசு வீட்டு உபயோகப் பொருட்களுக்காக அப்படிப் பதிவதைத் தடைசெய்து, பழையவற்றையும் செல்லாததாக்கியது. ஆனால் அந்த அறிவித்தலைக் காட்டிப் பயமுறுத்தி, பிறகு தனியார் மோட்கேஜாக மாற்றி எழுதப்பட்டவை அந்தச் சட்டத்தால் தானாக அழிந்துவிடவில்லை. அப்படி ஒன்று உங்கள் பெற்றோரின் பதிவில் இருந்தால், வாங்க வருகிறவர் அதை உங்களுக்கு முன்னரே பார்த்திருப்பார். தாளை எடுத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள்.

இதைப் பற்றிக் கேள்விகள் இருந்தால் நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த தடவை வரும்போது பதில் சொல்கிறேன். வணக்கம்.